ஜெர்மனா, ஸ்பானிஷா? புதிதாக மொழி படிக்கத் தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் முதலில் படித்தது ஜெர்மன். நாலு வருஷம் கழித்து ஸ்பானிஷ். இரண்டையும் கரைத்துக் குடித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "எதைப் படிக்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஒரே பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். இந்த இரண்டு மொழிகளையும் ஒப்பிட்டு எழுதப்படுபவை பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியானவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தமிழ் பேசுகிறவருக்கு அந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. எங்கே ஒத்துவராது என்பதைத்தான் அதிகமாகச் சொல்லப் போகிறேன்.

நேராகக் கேட்கிறேன், எது சுலபம்?

ஆரம்பத்தில் ஸ்பானிஷ். அதில் சந்தேகமே இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க வைத்திருக்கும் கணக்கில் ஸ்பானிஷ் 24 முதல் 30 வாரத்தில் முடியும் வரிசையில் இருக்கிறது. ஜெர்மனுக்குச் சுமார் 36 வாரம். முழுநேரமாக உட்கார்ந்து படிக்கும், ஆங்கிலம் தாய்மொழியான ஆட்களுக்கான கணக்கு அது என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் வாரக் கணக்கைவிட, சிரமம் எப்போது வருகிறது என்று பார்ப்பது நல்லது. ஜெர்மன் வாசலிலேயே மூட்டையைத் தலையில் ஏற்றிவிடும். மூன்று பால், நாலு வேற்றுமை, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பன்மை வடிவம் எல்லாம் முதல் வருஷத்திலேயே வந்துவிடும். அதைத் தாண்டிவிட்டால் புதிதாகப் பயமுறுத்த அதனிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்பானிஷ் முதல் மூன்று மாதம் தேனாக இனிக்கும். அப்புறம் வினைச்சொற்கள் வேலையைக் காட்டத் தொடங்கும். இறந்தகாலமே இரண்டு விதம். "நீ வருகிறாய்" என்பதற்கு "பியேனெஸ்". "நீ வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்" என்றால் அதே வினை "பேங்காஸ்" ஆகிவிடும். நடந்ததைச் சொல்ல ஒரு வடிவம், விரும்புவதையும் சந்தேகப்படுவதையும் சொல்ல இன்னொரு வடிவம். இந்த இடத்தில் நின்றுபோனவர்கள் நிறையப் பேர்.

ஜெர்மன் இலக்கணம் பயங்கரம் என்கிறார்களே?

யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். வேற்றுமை உருபே இல்லாத மொழியிலிருந்து வருகிறவர்கள். நாம் பள்ளிக்கூடத்தில் எட்டு வேற்றுமை படித்தவர்கள். ஜெர்மனில் நாலுதான்.

ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "டெர் ஹுண்ட் பைஸ்ட் டென் மான்." நாய் மனிதனைக் கடிக்கிறது. இப்போது சொற்களைத் திருப்பிப் போடுகிறேன்: "டென் மான் பைஸ்ட் டெர் ஹுண்ட்." ஆங்கிலத்தில் இப்படித் திருப்பினால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான். ஜெர்மனில் அப்படி ஆகாது. "மனிதனை நாய் கடிக்கிறது" என்று நாம் சொல்வது போலத்தான் அது. "டென்" என்ற சொல் நம்முடைய "ஐ" உருபின் வேலையைச் செய்கிறது. நாம் பெயரின் பின்னால் ஒட்டுவதை அவர்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்லில் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். "டெம் மான்" என்றால் மனிதனுக்கு.

வினை கடைசியில் வருவதும் அப்படித்தான். "அவன் நாளை பெர்லினுக்குப் போகிறான் என்று" சொல்ல, "டாஸ் ஏர் மோர்கன் நாஹ் பெர்லின் ஃபேர்ட்" என்பார்கள். தொடக்கத்தில் இருக்கும் "டாஸ்" நம்முடைய "என்று". அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் அவன், நாளை, பெர்லினுக்கு, போகிறான் என்று வரிசை தமிழாகவே இருக்கிறது. மற்றவர்கள் மாதக்கணக்கில் முட்டி மோதும் இடம் இது. எனக்கு இந்தப் பாடம் நடந்த அன்று சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

நிஜமான தலைவலி பால்தான். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால்: டெர் லோஃபல், டீ காபல், டாஸ் மெஸ்ஸர். சிறுமியைக் குறிக்கும் "மேட்ஷன்" ஒன்றன்பால். காரணம் அந்தச் சிறுமியிடம் இல்லை, "ஷன்" என்று முடிவது எல்லாமே ஒன்றன்பால். "உங்", "ஹைட்", "கைட்" என்று முடிந்தால் பெண்பால். இப்படிச் சில விதிகள் கை கொடுக்கும், மீதி மனப்பாடம்தான். உயர்திணை, அஃறிணை என்று அர்த்தத்தை வைத்துப் பிரித்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் அநியாயமாகவே படும். ஒவ்வொரு சொல்லையும் டெர், டீ, டாஸ் சேர்த்தே எழுதிப் படியுங்கள். நான் முதல் ஆறு மாதம் அதைச் செய்யாமல் விட்டு, பிறகு எல்லாச் சொல்லையும் இரண்டாவது தடவை படித்தேன்.

ஸ்பானிஷில் பால் கிடையாதா?

உண்டு, ஆனால் இரண்டுதான். "ஓ" என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண், "ஆ" என்று முடிந்தால் பெரும்பாலும் பெண். கையைக் குறிக்கும் "மானோ" பெண்பால், நாளைக் குறிக்கும் "தியா" ஆண்பால் என்று சில விலக்குகள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

உச்சரிப்பு எப்படி?

இங்கே ஸ்பானிஷ் நமக்கென்றே செய்தது போல இருக்கும். எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம். உயிரொலிகள் ஐந்துதான். "த" ஒலி நம்முடைய "த" மாதிரியே பல்லில் நாக்கு பட்டு வரும். ஆங்கிலப் பழக்கத்தில் "டூ" என்று சொல்லாமல் "தூ" என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது. நம்முடைய "க" சொல்லின் முதலில் அழுத்தமாகவும் "அகம்" என்பதில் மென்மையாகவும் ஒலிப்பது போல, அவர்களுடைய b, d, g ஒலிகளும் உயிர்களுக்கு நடுவில் வரும்போது குழைந்துபோகும். நமக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, நாக்கு தானாகச் செய்துவிடும். "ஞ" அங்கே தனி எழுத்தாகவே இருக்கிறது. "பெரோ" என்றால் ஆனால், "பெர்ரோ" என்றால் நாய். "ற"வை உருட்டிச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

இன்னொரு வேடிக்கை. பள்ளிக்கூடத்தை "இஸ்கூல்" என்று சொல்கிறவர்களைக் கேலி செய்கிறோம் இல்லையா? ஸ்பானிஷும் அதையேதான் செய்கிறது. அங்கே பள்ளி "எஸ்குவேலா", அந்த நாட்டின் பெயரே "எஸ்பாஞா". சொல்லின் முதலில் "ஸ்" தனியாக நிற்பது அவர்களுக்கும் பிடிக்காது.

நாம் சறுக்கும் இடம் அழுத்தம். "ஆப்லோ" என்பதில் முதல் அசையை அழுத்தினால் "நான் பேசுகிறேன்". கடைசி அசையை அழுத்தினால் "அவன் பேசினான்". தமிழில் அழுத்தத்தை மாற்றினால் அர்த்தம் மாறாது. அதனால் நம் காது அதைக் கவனிப்பதே இல்லை. தொடக்கத்திலிருந்தே வாய்விட்டுப் படித்தால்தான் இது சரியாகும்.

ஜெர்மனில் நமக்குக் கிடைக்கும் பரிசு குறில், நெடில். "ஒஃபன்" என்றால் திறந்த. "ஓஃபன்" என்றால் அடுப்பு. "ஷ்டட்" என்றால் நகரம், "ஷ்டாட்" என்றால் அரசு. ஒன்றாம் வகுப்பில் ஒ, ஓ எழுதிப் பழகிய நமக்கு இது எந்தச் சிரமமும் தராது. புள்ளி வைத்த உயிரெழுத்துகள்தான் புதிது. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: "இ" சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் "உ"வுக்குக் குவியுங்கள், இரண்டு புள்ளி வைத்த "யு" வந்துவிடும். மெய்கள் கூட்டமாக வருவது இன்னொரு சிரமம். காலுறையைக் குறிக்கும் "ஷ்ட்ரும்ஃப்" ஒரே அசை. அதன் கடைசியில் ஒரு "உ" சேர்க்காமல் நிறுத்துவதற்கு, பஸ்ஸை "பஸ்ஸு" ஆக்கிப் பழகிய நாக்கைக் கொஞ்சம் அடக்க வேண்டியிருக்கும்.

ஆங்கிலம் தெரிந்தால் போதாதா? தமிழ் எதற்கு?

சொற்களுக்கு ஆங்கிலம் உதவும். ஜெர்மன் வீடு "ஹவுஸ்", தண்ணீர் "வாஸர்". ஸ்பானிஷ் பக்கமும் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் குழியும் உண்டு. ஜெர்மனில் "கிஃப்ட்" என்றால் விஷம். ஒரு பெண் ஸ்பானிஷில் சங்கடமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, ஆங்கிலச் சாயலில் "எம்பராஸாதா" என்று சொன்னால், கர்ப்பமாக இருக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

வாக்கியம் அமைப்பதில்தான் தமிழ் கை கொடுக்கிறது. ஸ்பானிஷ் வகுப்பில் "மே குஸ்தா" என்ற பாடம் வந்தபோது, "இது தலைகீழாக இருக்கும், பயப்படாதீர்கள்" என்று ஆசிரியர் முன்கூட்டியே சமாதானம் சொன்னார். எனக்கு எது தலைகீழ் என்று புரியவில்லை. "மே" என்றால் எனக்கு, "குஸ்தா" என்றால் பிடிக்கிறது. எனக்குப் பிடிக்கிறது. இதில் என்ன இருக்கிறது? "மே துயேலே லா கபேஸா": எனக்குத் தலை வலிக்கிறது. ஜெர்மனிலும் இது உண்டு. "மிர் இஸ்ட் கால்ட்" என்றால் எனக்குக் குளிராக இருக்கிறது. அதையே ஆங்கிலத்தைப் பார்த்து "நான்" போட்டுச் சொன்னால், நான் ஈவிரக்கம் இல்லாதவன் என்பது போல ஆகிவிடும்.

அதே மாதிரி, "போகிறேன்" என்று சொன்னால் நாம் தனியாக "நான்" சொல்வதில்லை. ஸ்பானிஷிலும் "வோய்" என்றால் போதும், விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஜெர்மனில் "நான்" சொல்லியே ஆக வேண்டும்.

அதனால் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் உங்கள் நோட்டில் அர்த்தத்தைத் தமிழில் எழுதுங்கள். நான் இதைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன்.

வேலைக்கு எது நல்லது?

எந்த வேலை, எந்த நாடு என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

ஜெர்மனிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, ஜெர்மன் படியுங்கள். அங்கே செவிலியராகப் பதிவுபெறப் பொதுவாக பி2 நிலை கேட்பார்கள் (ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள், ஏ1 தொடக்கம், சி2 உச்சம்). மருத்துவர்களுக்கு அதற்கு மேல் மருத்துவ மொழித் தேர்வு ஒன்று தனியாக உண்டு. வேலை செய்துகொண்டே தொழில் கற்கும் "அவுஸ்பில்டுங்" முறை முழுக்க ஜெர்மனில்தான் நடக்கும். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் அரையாண்டுப் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்கத் தொடங்கியது. வாழ்க்கைத்துணையோடு சேர விசா கேட்பவருக்குப் பொதுவாக ஏ1, குடியுரிமைக்கு பி1. இப்படி ஒவ்வொரு கதவுக்கும் ஒரு நிலை குறித்து வைத்திருக்கும் நாடு அது.

ஸ்பானிஷ் இன்னொரு விதம். அது ஒரு நாட்டை நம்பி இல்லை. 20 நாடுகளில் ஆட்சிமொழி. கிட்டத்தட்ட 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி. ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று, ஜெர்மன் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் மட்டும் 4 கோடிக்கு மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். ஜெர்மன் தாய்மொழியானவர்கள் 9 முதல் 10 கோடி. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தாய்மொழியாக அதிகம் பேசப்படுவது அதுதான்.

எங்கேயும் போகப் போவதில்லை, சான்றிதழை வைத்து இருந்த இடத்திலேயே வேலை தேடப் போகிறேன் என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு மொழியிலும் பி1 சான்றிதழ் மட்டும் யாருக்கும் வேலை வாங்கித் தராது. கணக்கு, மென்பொருள், மருத்துவம், மொழிபெயர்ப்பு என்று கையில் ஒரு தொழில் இருந்து, அதோடு பி2 சேர்ந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

எந்த ஊர் ஸ்பானிஷ் படிப்பது?

உங்கள் ஆசிரியர் பேசும் ஸ்பானிஷ். ஸ்பெயினின் பெரும்பகுதியில் சில எழுத்துகளை நாக்கைப் பல்லிடையே வைத்துச் சொல்வார்கள், லத்தீன் அமெரிக்காவில் அது வெறும் "ஸ". அர்ஜென்டினாவில் "நீ" என்பதற்கு "வோஸ்". எதைப் படித்தாலும் மற்ற இடத்தில் புரிந்துகொள்வார்கள். ஜெர்மனில் பொது ஜெர்மன் ஒன்றுதான் பாடம். சுவிட்சர்லாந்துக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். வட ஜெர்மனியிலிருந்து வருகிறவரே அங்கே முழிப்பார்.

கேட்டுப் புரிந்துகொள்வதில் எது கஷ்டம்?

ஸ்பானிஷ். வேகம் ஒரு காரணம், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது இன்னொன்று. கரீபியப் பகுதியிலும் தெற்கு ஸ்பெயினிலும் "ஸ்" பாதி காணாமல் போய்விடும். "வந்துகொண்டிருக்கிறான்" என்று படித்தவர் முதல் தடவை "வந்துட்ருக்கான்" கேட்டால் எப்படி இருக்கும்? அந்த நிலைதான்.

ஜெர்மனில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத் தனித்து விழும். ஆனால் வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். "இஷ் ரூஃப டிஷ் மோர்கன் ஆன்" என்பதில் கடைசியில் வரும் அந்தச் சின்ன "ஆன்" சேர்ந்தால்தான் "உன்னை நாளைக்கு ஃபோனில் கூப்பிடுகிறேன்" என்று ஆகும். வினையில் ஒரு துண்டு இரண்டாவது இடத்தில், இன்னொரு துண்டு வாக்கியத்தின் கடைசியில். "உம்ஃபாரன்" என்று ஒரு வினை இருக்கிறது. "ஃபா"வை அழுத்தினால் வண்டியில் சுற்றிப் போவது. "உம்"மை அழுத்தினால் இடித்துத் தள்ளுவது. ஒருவர் வழியில் நிற்கும்போது எதைச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

எண்கள்?

ஸ்பானிஷ் எண்களில் பேச ஒன்றும் இல்லை. ஜெர்மனில் 25 என்பது "ஐந்தும் இருபதும்". தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்லும்போது எழுதிப் பாருங்கள், தெரியும்.

மணி சொல்வது அதைவிட மோசம். ஒருவர் என்னை "ஹால்ப் ட்ரை"க்கு வரச் சொன்னார். ஹால்ப் என்றால் அரை, ட்ரை என்றால் மூன்று. மூன்றரை என்று எடுத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்ப் பெருமையாக நின்றேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். ஜெர்மனில் "ஹால்ப் ட்ரை" என்றால் மூன்றாவது மணியில் பாதி, அதாவது இரண்டரை. 55 நிமிடம் தாமதம். இன்றும் யாராவது "ஹால்ப்" என்றால் மனசுக்குள் ஒரு மணி நேரம் கழித்துக்கொண்டுதான் தலையாட்டுகிறேன்.

நீ, நீங்கள் வித்தியாசம் உண்டா?

உண்டு. ஜெர்மனில் டூ, ஸீ. ஸ்பானிஷில் தூ, உஸ்தெத். நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். ஒன்று மட்டும்: ஜெர்மனில் "நீ" என்று பேசலாம் என மூத்தவர்தான் முதலில் சொல்வது வழக்கம். ஸ்பெயினில் அறிமுகமான ஐந்தாவது நிமிடமே "நீ" வந்துவிடும், மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டையும் சேர்த்துத் தொடங்கலாமா?

வேண்டாம். ஒன்றை பி1 வரை கொண்டுபோய்விட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். அப்படிச் செய்தும் எனக்கு ஸ்பானிஷ் பேச்சின் நடுவில் "பெரோ" வர வேண்டிய இடத்தில் ஜெர்மன் "ஆபர்" வந்து விழும். இரண்டும் அரைகுறையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

எவ்வளவு காலம் ஆகும்? என்ன தேர்வு எழுதலாம்?

ஜெர்மனில் பி1 தொட 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை ஆகலாம் என்பது ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனத்தின் கணக்கு. வாரத்துக்கு நாலு வகுப்பு என்றால் சுமார் ஒன்றே முக்கால் வருஷத்திலிருந்து மூன்று வருஷம் வரை ஆகும். ஸ்பானிஷில் கொஞ்சம் முன்னதாகவே எட்டலாம். "மூன்றே மாதத்தில் சரளம்" என்ற விளம்பரத்தைக் கண்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

ஜெர்மனுக்கு கோதே, டெல்க், ஓஎஸ்டி தேர்வுகள் இருக்கின்றன. கோதே பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனி, தவறியதை மட்டும் மறுபடி எழுதலாம். ஸ்பானிஷுக்கு செர்வாண்டஸ் நிறுவனம் நடத்தும் டெலே. அந்தச் சான்றிதழ் காலாவதி ஆகாது. சியெலே என்ற இன்னொரு தேர்வு ஐந்து வருஷம்தான் செல்லும். எதை எழுதுவதாக இருந்தாலும், நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் எந்தச் சான்றிதழை, எவ்வளவு பழையது வரை ஏற்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எல்லாம் படித்தேன். இன்னும் முடிவுக்கு வர முடியவில்லையே?

சரி, அப்படியானால் உங்களுக்குக் கட்டாயமான காரணம் எதுவும் இல்லை. நல்லதுதான். இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் ஜெர்மன், அடுத்த வாரம் ஸ்பானிஷ், தினம் அரை மணி. ஜெர்மனுக்கு டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பின் இலவசப் பாடங்கள் தாராளம். ஸ்பானிஷுக்குப் பாட்டும் தொடரும் கொட்டிக் கிடக்கின்றன. பாடத்தோடு சேர்த்து, புரியாவிட்டாலும் பத்து நிமிடம் அந்த மொழியில் யாராவது பேசுவதைக் கேளுங்கள்.

மூன்றாவது வாரம் எதையும் செய்யாதீர்கள். பாத்திரம் கழுவும்போதோ மாடிப்படி ஏறும்போதோ எந்த மொழியின் சொல் தானாக வாயில் வருகிறது என்று மட்டும் பாருங்கள். என் தங்கைக்கு "டெர் ஹுண்ட்" வரும் என்று பந்தயம் கட்டியிருந்தேன். மூன்றாம் நாள் கதவைத் தட்டினால் உள்ளிருந்து "பாஸா, பாஸா" என்று குரல் வந்தது. உள்ளே வா என்று அர்த்தம். அடுத்த வாரமே ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.